எட்டா, ஒன்பதா என்று கை தூக்கிய மத்தியானம்

மாப்ள,

பழங்காநத்தத்தில் பஸ் மாறுவதற்குள் பசி எடுத்துவிட்டது. எதிர்க் கடையில் இரண்டு உளுந்த வடை வாங்கினேன். கடைக்கார அம்மா ஒரு பழைய விடைத்தாளை இரண்டாகக் கிழித்து, அதில் வடையை வைத்துக் கொடுத்தார். முப்பத்து நான்கு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு வடைக்கு முன்னால் காகிதத்தின் மேல்தான் கண் போகும். யார் திருத்தியது, எத்தனை மதிப்பெண், கூட்டல் சரியா என்று பார்க்காமல் வாயில் வைக்க முடியாது. இது ஒரு வியாதி. உனக்கும் இருந்தது.

ஏதோ ஒரு பள்ளியின் மாதத் தேர்வு. உருண்டை உருண்டையான கையெழுத்து. கோள் என்று ஒன்றைச் சொல்வதற்கு என்னென்ன நிபந்தனைகள் என்று கேள்வி. பிள்ளை வரிசையாக எழுதியிருந்தது. சூரியனைச் சுற்றிவர வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெறும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். மூன்றாவதன்மேல் வடை எண்ணெய். வடையைத் தூக்கிவிட்டுப் படித்தேன். தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தில் வேறு பெரிய பொருள்கள் இல்லாதபடி அதைத் துப்புரவு செய்திருக்க வேண்டும். மூன்றுக்கு மூன்று. சிவப்பு மையில் வட்டம்.

"என்னண்ணே, வடை ஆறுது. பேப்பரைப் படிச்சுக்கிட்டு நிக்கிறீக?" என்றார் அந்தம்மா.

வில்லாபுரம் பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன் விலாசத்துக்கு இனித் தபால் கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். ஒரே பொய்தான், ஆனால் பதினேழு வருஷம் திரும்பத் திரும்பச் சொன்ன பொய். கோள்களைப் பற்றியது. அதை ஒத்துக்கொள்ளத்தான் இந்த மடல். எடுத்த எடுப்பில் சொல்லிவிட்டால் என் பக்கம் பேச ஒன்றுமே இருக்காது. அதனால் முறையாக முதலிலிருந்து வருகிறேன்.

நாம் இருவரும் ஒரே மிஷன் பள்ளியில் அறிவியல் எடுத்தோம். நீ ஒன்பதாம் வகுப்பு 'ஏ' பிரிவுக்கு, நான் 'பி' பிரிவுக்கு. ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. நீ மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து கோச்சடையில் வாடகைக்கு இருந்தாய். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக எல்லாரும் வாத்தியார், எல்லாரும் மிஷன் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கோயிலில் அதே பெஞ்சு. "உங்க வீட்ல நாய்க்குட்டி பொறந்தாக்கூட சாக்பீஸ் எடுத்துக் குடுப்பீங்க போலயே மாப்ள" என்று நீ கிண்டல் பண்ணுவாய். முறைப்படி நமக்குள் எந்த உறவும் கிடையாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே மாப்ள என்று கூப்பிட ஆரம்பித்தாய், அதுவே நிலைத்துவிட்டது. உன் மனைவி எனக்குத் தங்கச்சியானாள்.

இரண்டாயிரத்து ஆறு ஆகஸ்டில், வானியலாளர்கள் பிராக் நகரத்தில் கூடி ஓட்டுப் போட்டார்கள். மறுநாள் நீ செய்தித்தாளோடு வந்தாய். முதல் பீரியடுக்கு மணி அடித்துவிட்டது, நீ பாட்டுக்கு என் மேசைமேல் தாளை விரித்தாய். ஒரு பெரிய மண்டபம். நிறையப் பேர் மஞ்சள் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"பாத்தியா மாப்ள? கோள் எதுன்னு கை தூக்கி முடிவு பண்ணியிருக்காங்க!"

"விஞ்ஞானத்துல ஏதுய்யா ஓட்டு? இருக்கிறது இருக்கு, இல்லாதது இல்லை" என்றேன்.

"இருக்கிறதுக்கு ஓட்டு இல்ல. அதை என்னன்னு கூப்பிடணுங்கிறதுக்குத்தான் ஓட்டு. ரெண்டும் வேற வேற."

எனக்கு அன்றைக்கு அந்த வித்தியாசம் புரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். புரிந்தது. நீ முந்திக்கொண்டாயே என்றுதான் இருந்தது.

அடுத்த ஒரு வாரம் அதே பேச்சு. பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டருக்குப் போவாய். மறுநாள் காலையில் தேடிப் படித்ததையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவாய். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சிரிஸ் என்று ஒன்றைக் கண்டுபிடித்தபோது அதையும் பல வருஷம் கோள் என்றுதான் எழுதி வைத்திருந்தார்களாம். அப்புறம் அதே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக அதைப் போல நிறையக் கிடைத்தனவாம். எல்லாவற்றையும் கோள் பட்டியலில் சேர்க்க முடியாது என்று கண்டு, அத்தனையையும் தனி இனமாகப் பிரித்துவிட்டார்களாம். இப்போது புளூட்டோவுக்கும் அதே கதை. நெப்டியூனுக்கு அப்பால் புளூட்டோ மாதிரிப் பொருள்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட, அவற்றில் ஒன்று புளூட்டோவுக்குச் சமமான பருமனில் வந்து நின்றது. அதைப் பத்தாவது என்று சேர்த்தால் நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு. சேர்க்காவிட்டால் புளூட்டோவுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

"இம்புட்டு நாளா நமக்கு எண்ணிக்கை இருந்துச்சு, விதி இல்ல மாப்ள. 'கோள்னா என்ன?'ன்னு கேட்டா ஒம்போது பேரை ஒப்பிச்சோம். அது பதிலா? 'வாத்தியார்னா யாரு?'ன்னு கேட்டா நம்ம ஸ்டாஃப் ரூம்ல உள்ளவங்க பேரைச் சொல்ற மாதிரி" என்றாய்.

புளூட்டோ பாவம் என்று அப்போது பத்திரிகைகளில் எல்லாரும் கண்ணீர் வடித்தார்கள். நம் பள்ளியிலும் ஒரு டீச்சர் வருத்தப்பட்டார். உனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. "அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருக்கு. அதுக்குத் தெரியவே தெரியாது. மனசு கஷ்டமெல்லாம் நமக்குத்தான்" என்பாய்.

அந்த மூன்றாவது நிபந்தனை எனக்கு ஒட்டவில்லை. ஒரு பொருள் கோளா இல்லையா என்பது அந்தப் பொருளைப் பொறுத்தது. பக்கத்தில் எது கிடக்கிறது என்பதெல்லாம் எதற்கு? இதைக் கேட்டபோது நாம் உன் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்றிருந்தோம். உன் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்கு வந்திருந்தோம். கறிச்சோறு தின்றுவிட்டு அப்படியே நடந்து போயிருந்தோம். கண்மாயில் தண்ணீர் இல்லை, முழுக்கச் சீமைக்கருவேலம்.

"இது கண்மாய். அந்தா தெரியுது பாரு, அது ஊருணி. எப்படிப் பிரிப்பே?" என்று கேட்டாய்.

"பெரிசு கண்மாய், சின்னது ஊருணி."

"அதான் இல்ல. பக்கத்து ஊர்ல எங்க கண்மாயைவிடப் பெரிய ஊருணி இருக்கு. எங்க ஊர்ல ஒரு விதிதான். மடை இருக்கா? வயலுக்குத் தண்ணி போகுதா? கண்மாய். மடை இல்லாட்டா எம்புட்டுப் பெரிசா இருந்தாலும் ஊருணிதான். தண்ணியோட அளவைப் பாக்கல மாப்ள, அது சுத்தி உள்ள நிலத்துக்கு என்ன பண்ணுதுன்னு பாக்குறோம். மூணாவது விதியும் அதேதான். தன் பாதையில தான் ஒருத்தனா ஆளுதா, இல்ல கூட்டத்துல ஒண்ணா ஓடுதா?"

உன் அண்ணன் பின்னால் வந்தவர், "என்னடா, இங்கேயும் பாடமா? வாத்தியார் சாருக்கு ஒரு இளநி வெட்டிக் குடு" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் அந்த விதி சரியாக விளங்கியது. விளங்கியதாகக் காட்டிக்கொள்ளவில்லை. இளநீரைக் குடித்துவிட்டு, "இருந்தாலும் இடிக்குதேப்பா" என்றேன்.

அந்த விதிமேல் உனக்கும் முழுத் திருப்தி இல்லை. அதையும் நீயே சொல்வாய். துப்புரவு என்றால் எவ்வளவு துப்புரவு என்று அவர்கள் சொல்லவில்லை. வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகிற உலகங்களுக்கு அந்த வரையறையில் இடமே இல்லை. கடைசி நாளில் மண்டபத்தில் மிஞ்சியிருந்த சில நூறு பேர்தான் கை தூக்கினார்கள், பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. "ஓட்டையான விதிதான். ஆனா விதி இல்லாததுக்கு இது தேவலை" என்பது உன் தீர்ப்பு.

பள்ளியில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. பாடப்புத்தகத்தில் ஒன்பதுதான் இருந்தது. நீ 'ஏ' பிரிவில், "எட்டுன்னு எழுதுங்க. வெறும் எட்டுன்னு எழுதினா நானே முட்டை போடுவேன், மூணு காரணத்தோட எழுதணும்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டாய். சுவருக்கு இந்தப் பக்கம் நான் 'பி' பிரிவில், "புத்தகத்துல என்ன இருக்கோ அதை எழுதுங்க, பரீட்சை முடியட்டும்" என்றேன். இடைவேளையில் உன் பிள்ளைகள் என் பிள்ளைகளைப் பார்த்து, "உங்களுக்கு ஒண்ணு கூட" என்று கிண்டல் பண்ணினார்கள். ஒரு வருஷம் பூராவும் அது ஓடியது. எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்.

எங்கள் நிர்வாகத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு பொதுவாக நடக்கும். எல்லாப் பள்ளி விடைத்தாளையும் ஒரு பள்ளியில் குவித்து, பெயரை மறைத்து வேறு எண் போட்டு, எல்லாப் பள்ளி வாத்தியார்களும் உட்கார்ந்து திருத்துவோம். தன் பள்ளித் தாளைத் தானே திருத்தக் கூடாது. அந்த வருஷம் அறிவியலுக்கு நான்தான் தலைமைத் தேர்வாளர். என்கீழ் பதின்மூன்று பேர், நீயும் ஒருவன். அவர்களுக்குச் சிவப்புப் பேனா, எனக்குப் பச்சை. அந்தப் பச்சைப் பேனாவைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி குத்திக்கொண்டு போனேன். சிரிக்காதே.

ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று: சூரியக் குடும்பத்தில் எத்தனை கோள்கள், அவற்றைப் பற்றி எழுதுக. நிர்வாகம் கொடுத்த விடைக்குறிப்பில், எங்கள் பேச்சில் 'கீ'யில், ஒன்பது என்று இருந்தது.

ஏப்ரல் வெயில். ஓடு போட்ட நீளக் கூடம். விசிறி சுற்றினால் தாள் பறக்கும், நிறுத்தினால் உயிர் போகும். இரண்டாம் நாள் பதினொரு மணி இருக்கும். நீ ஒரு கட்டைப் பிரித்தாய். முதல் தாளைப் பார்த்தாய், இரண்டாவதைப் பார்த்தாய், மூடிக் கட்டினாய். நேரே என் மேசைக்கு வந்தாய்.

"மாப்ள, இது எங்க 'ஏ' செக்‌ஷன் கட்டு. நான் திருத்தக் கூடாது. நீ வாங்கிக்க."

"எப்படிச் சொல்றே? நம்பர்தானே போட்டிருக்கு?"

"எட்டுன்னு எழுதி மூணு காரணமும் எழுதியிருக்கு. இந்தக் கூடத்துக்கு வந்திருக்கிற வாத்தியார்ல வேற யாரு இதைச் சொல்லிக் குடுத்திருப்பா?"

அதுதான் நீ. கட்டை உன்னிடமே வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் ஐந்து ஐந்தாகப் போட்டுவிட்டிருந்தால் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காது. உன் பிள்ளைகளை அந்த மூன்று காரணமே காட்டிக் கொடுத்தது, நீயும் சேர்ந்து காட்டிக் கொடுத்தாய். அந்த நேர்மையை அன்றைக்கு நான் மெச்சவில்லை. பெரிய யோக்கியன் என்று மனதுக்குள் திட்டினேன்.

கட்டு இப்போது என் பொறுப்பு. என்ன செய்வது என்று எல்லாரையும் கூப்பிட்டேன். வேறொரு பள்ளியிலிருந்து வந்திருந்த செல்வின் சார், "கீ-ல ஒம்போது. ஒம்போதுன்னா ஒம்போதுதான். நாளைக்கு எவனாவது பதினேழுன்னு எழுதிக் காரணமும் எழுதினா குடுப்பீங்களா?" என்றார். மேரி டீச்சர் விடவில்லை. "சார், உலகத்துல உள்ள விஞ்ஞானியெல்லாம் எட்டுங்கிறாங்க. நம்ம ஒம்போதுன்னு சொல்லி உண்மையை எழுதுன பிள்ளைக்கு முட்டை போட்டா, ஆண்டவருக்கே அடுக்காது." ஓய்வுபெற ஒரு வருஷமே இருந்த பெரியவர் ஒருவர், "கோயில்லயே ஒம்போதுதானப்பா இருக்கு" என்றார். நீ சிரித்துவிட்டாய். "அண்ணே, அந்த ஒம்போதுல சூரியன் இருக்கு, சந்திரன் இருக்கு, ராகு கேது இருக்கு. புளூட்டோ இல்ல. நம்ம நிக்கிற பூமியே இல்ல. அது வேற வரிசைண்ணே." கூடமே சிரித்தது. பெரியவரும் சிரித்தார்.

கடைசியில் ஓட்டு என்று ஆனது. ஒன்பது எழுதினாலும் முழு மதிப்பெண், காரணத்தோடு எட்டு எழுதினாலும் முழு மதிப்பெண் என்று மேரி டீச்சர் சொன்ன யோசனையை ஏற்கிறவர்கள் கை தூக்க வேண்டும். அப்படிச் செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. என் பிள்ளைகளுக்கும் ஐந்து, உன் பிள்ளைகளுக்கும் ஐந்து.

நீ எழுந்தாய். "எம் பிள்ளைங்க விஷயம். நான் கை தூக்கினா நல்லா இருக்காது. வெளிய நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஜன்னல் வழியாகத் தெரிந்தாய். வாசலில் கம்மங்கூழ் வண்டிக்காரரோடு பேசிக்கொண்டு, சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாய்.

எனக்கும் ஒரு வகுப்பு இருந்தது. எனக்கும் இதில் பங்கு இருந்தது. நானும் வெளியே போயிருக்க வேண்டியவன். ஒருத்தரும் போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை.

பன்னிரண்டு பேர். ஆறு கை உயர்ந்தது. மறுபடி எண்ணினேன். ஆறுதான். எதிர்க்கிறவர்கள் என்றேன். ஆறு. சிவப்புப் பேனா பிடித்த கைகள் இறங்கியதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "சீஃப் என்ன சொல்றீங்க?" என்று செல்வின் சார் கேட்டார்.

மாப்ள, அந்த விதி எனக்கு விளங்கியிருந்தது. கண்மாய்க் கரையிலேயே விளங்கியிருந்தது. தாளாளர் கோபித்துக்கொள்வார் என்ற பயம்கூட இல்லை. அவர் இதையெல்லாம் கவனிக்கிறவர் இல்லை. உன் பிள்ளைகளுக்கு அந்த ஐந்தைக் கொடுத்தால், வருஷம் பூராவும் நீ சரியாக நடத்தினாய், நான் பழசை நடத்தினேன் என்று பன்னிரண்டு பேர் முன்னால் என் பச்சைப் பேனாவாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். அது எனக்குப் பொறுக்கவில்லை. பொறாமைதான். வேறு பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"விடைக்குறிப்புப்படியே போவோம்" என்று கையைத் தூக்கினேன்.

மேரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தன் கட்டுக்குப் போய்விட்டார். நான் வெளியே வந்தேன். நீ சொம்போடு திரும்பினாய்.

"என்னாச்சு?"

"ஏழுக்கு அஞ்சு, மாப்ள. கீ பக்கம் ஏழு. நான் என்ன பண்ண?"

இதுதான் அந்தப் பொய். அதிலும் ஏழு என்பது உண்மை. ஐந்துதான் பொய். ஏழுக்கு ஆறு என்று சொன்னால், பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் பதின்மூன்றாவது கை யாருடையது என்று நீ உடனே கேட்டிருப்பாய்.

நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். உன் முகம் மலர்ந்தது. "அஞ்சு பேரா! அஞ்சு பேரு நம்ம பக்கம் கை தூக்குனாங்களா? பரவாயில்லையே மாப்ள! ஒருத்தரும் தூக்க மாட்டாங்கன்னுல்ல நினைச்சேன்." பிறகு என் தோளில் தட்டி, "நீ என்ன பண்ணுவே, ஓட்டுன்னா ஓட்டுதான்" என்றாய். எனக்கும் ஒரு சொம்பு கூழ் வாங்கிக் கொடுத்தாய். மோர் மிளகாயோடு. குடித்தேன்.

அந்த ஐந்து மதிப்பெண் இல்லாமல் 'ஏ' பிரிவில் நான்கு பேர் தோற்றார்கள். அந்தக் காலத்தில் ஒன்பதில் தோற்றால் மறுபடி ஒன்பதுதான். நீ நான்கு வீட்டுக்கும் போனாய். பிள்ளைமேல் தப்பில்லை, நான் சொல்லிக் கொடுத்ததை எழுதியதால் வந்தது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாய். ஒரு வீட்டில் நன்றாகத் திட்டினார்களாம். "வாத்தியாருன்னா புத்தகத்தை நடத்தணும், இவரு பாட்டுக்கு ஆகாசத்துல இருந்து எறக்குறாரு" என்றார்களாம். அதை நீயே என்னிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அந்த நால்வரில் கலைச்செல்வி என்ற பிள்ளை அடுத்த வருஷம் என் பிரிவுக்கு வந்தது. வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அதற்குள் நிர்வாகமே எட்டு என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. நானும் கரும்பலகையில் எட்டு என்று எழுதி, மூன்று நிபந்தனையையும், நீ சொன்ன கண்மாய், ஊருணி உதாரணத்தையும் என்னுடையது மாதிரி நடத்தினேன். அரையாண்டுத் தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. கலைச்செல்வி எழுதியிருந்தது போன வருஷக் கட்டில் படித்ததே, வரிக்கு வரி எனக்கு ஞாபகம் இருந்தது. ஐந்துக்கு ஐந்து போட்டேன். தாளைக் கையில் வாங்கிக்கொண்டு, "சார், போன வருஷமும் இதையேதான் எழுதுனேன்" என்றது. குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா தகவலாகத்தான் சொன்னது.

"தெரியும்மா, போய் உக்காரு" என்றேன்.

அதற்கப்புறம் எத்தனையோ வருஷம். நீ தலைமையாசிரியர் ஆகவில்லை, நான் ஆனேன். உன் மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் உன் வீட்டிலேயே கிடந்து பந்தல் வேலை பார்த்தேன். என் மனைவி மருத்துவமனையில் இருந்தபோது நீ தினமும் தூக்குவாளியோடு வந்தாய். நமக்குள் ஒரு மனஸ்தாபமும் இல்லை என்றுதான் ஊரே சொல்லும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் நீ அவ்வப்போது ஒன்று கேட்பாய். பஸ்ஸில் போகும்போது, பந்தியில் இலைக்குக் காத்திருக்கும்போது, ஒரு தடவை என் பணி ஓய்வு விழாவில் மாலையோடு உட்கார்ந்திருந்தபோதுகூட, குனிந்து காதோடு கேட்டாய். "ஏன் மாப்ள, அன்னைக்கு எத்தனை பேரு?"

"ஏழுக்கு அஞ்சு."

"ம்."

அப்புறம் பேச்சை வானத்துக்குக் கொண்டு போவாய். வரையறையை மாற்ற வேண்டும் என்று இப்போது ஒரு கூட்டம் எழுதுகிறது, வேறு நட்சத்திரங்களின் கோள்களுக்கும் பொருந்துகிற மாதிரி எடையை வைத்து விதி செய்யலாம் என்கிறார்கள் என்பாய். "தப்புன்னு தெரிஞ்சா மாத்திச் சொல்லிப்புடுவாங்க மாப்ள. அதுல அவங்களுக்கு வெக்கமே கிடையாது" என்று ஒரு தடவை சொன்னாய். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு காலையில் நீ மகளுக்குப் போன் பண்ணிக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அன்றைக்கு அழவில்லை. ஆட்களுக்கு நாற்காலி போட்டேன், ஐஸ் பெட்டிக்காரரோடு பேசினேன், உன் அண்ணனைப் பஸ் ஸ்டாண்டில் போய்க் கூட்டி வந்தேன். எனக்கு எப்போதுமே வேலை இருந்தால் போதும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு தங்கச்சி காப்பி கொண்டுவந்து வைத்தாள். உன்னைப் பற்றி எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தக் கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்த கதையைச் சொன்னேன். எவ்வளவு நேர்மையான மனுஷன், ஓட்டில் தோற்றுக்கூட ஒரு வார்த்தை பேசவில்லை என்றேன். ஏழுக்கு அஞ்சு என்று அவளிடமும் சொன்னேன். வாய் பழகிவிட்டது.

அவள் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறுக்கு ஆறுல்லண்ணே? அந்த வாரமே மேரி டீச்சர் வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போயிட்டாகளே."

தம்ளரைக் கீழே வைத்தேன்.

"அவனுக்குத் தெரியுமா? இத்தனை வருஷமாவா? ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டுக்கிட்டுத்தானண்ணே இருந்தாக" என்றாள்.

கோச்சடையிலிருந்து வில்லாபுரம் வரைக்கும் எந்த பஸ்ஸில் வந்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

கலைச்செல்வி வீட்டுக்குப் போன மாதம் போனேன். இப்போது அதற்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். "சாரு நாலு வீட்டுக்கும் வந்து தம்மேல தப்புன்னு சொன்னாரே. நீங்க அப்ப எங்க சார் இருந்தீங்க?" என்று கேட்டது. இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தேன் என்றேன். காப்பி கொடுத்தது. மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

சபைக் கமிட்டியிலோ குடியிருப்போர் சங்கத்திலோ கை தூக்கச் சொன்னால், இப்போதெல்லாம் எழுந்து, இதில் எனக்கு என்ன ஆதாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆதாயம் இருந்தால் வெளியே போய் நிற்கிறேன். கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். உன்னிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான், ரொம்பத் தாமதமாக எடுத்துக்கொண்டது.

எத்தனை பேர் என்று கேட்டதற்குப் பதிலாக, 'உன் கை எந்தப் பக்கம்டா இருந்துச்சு?' என்று ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டிருக்கலாம், மாப்ள. யோசித்துப் பார்க்கிறேன். அப்போதும் நான் பொய்தான் சொல்லியிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நீ கடைசிவரை அப்படிக் கேட்கவில்லை.